ரோபோவுக்கு எத்தனை சென்சார்?

ரோபோ வண்டி ஒன்றரை மீட்டர் போய் நிற்க வேண்டும். மோட்டாரை மூன்று விநாடி ஓடவிட்டு நிறுத்தும்படி நிரல் எழுதினால் போதாதா? பேட்டரி புதிதாக இருக்கும்வரை போதும். சார்ஜ் இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். அதே மூன்று விநாடியில் வண்டி பாதியிலேயே நின்றுவிடும். அப்போதுதான் சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடருக்கு வேலை வருகிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தால் அதுவும் வேண்டாம். ஒரு விநாடி கூடுதலாக ஓட்டி, சுவரில் மெல்ல முட்டவிடுங்கள். கோணலாக வந்த வண்டியும் நேராகிவிடும்.

முட்டுவதில் கேவலம் எதுவும் இல்லை. 2002-ல் விற்பனைக்கு வந்த ரூம்பா என்ற வீடு கூட்டும் ரோபோ, முன்பக்க பம்பரால் நாற்காலிக் காலில் முட்டித்தான் திரும்பியது. ஆனாலும் படிக்கட்டின் விளிம்பைப் பார்க்க அதன் அடியில் அகச்சிவப்பு சென்சார் வைத்திருந்தார்கள். முட்டித் தெரிந்துகொள்ளலாம், விழுந்து தெரிந்துகொள்ள முடியாது அல்லவா!

ரோபோவுக்கு மட்டுமல்ல, எந்தக் கருவிக்கும் இதே கேள்வி உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரலில் தாமிரபரணி ஆற்றுப் பாலம் சேதமடைந்து போக்குவரத்தே நின்றுபோனது. அந்தப் பக்கத்து மாணவர்கள் தாமிரபரணியின் நீர்மட்டத்தைச் சொல்லும் கருவி செய்ய நினைத்தால், கை முதலில் அல்ட்ராசோனிக் சென்சாரைத்தான் எடுக்கும். பள்ளி ஆய்வகங்களில் புழங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற வகை, விநாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரைதான் அதன் எல்லை. ஆற்றில் அமலைச் செடி மிதந்து வந்தால், அதன் இலையில் பட்ட எதிரொலியையே தண்ணீர் என்று சொல்லும்.

எனவே சென்சாரை வாங்குமுன், அது சொல்வதைக் கேட்டுக் கருவி என்ன செய்யப்போகிறது என்று எழுதிப் பார்ப்பது நல்லது. ஆபத்துக் கோட்டைத் தாண்டியதும் மணி அடித்தால் போதுமா? மாடித் தொட்டியில் போடும் மிதவை ஸ்விட்சே போதும். துளையிட்ட பிவிசி குழாய்க்குள் வைத்தால் அமலையும் சிக்காது. மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டுமா? அப்போது அளந்தே ஆக வேண்டும்.

அளப்பதென்றால் இன்னொரு சங்கடம் உண்டு. சென்சாரிலிருந்து எதிரொலிச் சேதியைக் கொண்டுவரும் கம்பி கழன்றுவிட்டால், ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் வழக்கமாக எழுதும் நிரலுக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். பூஜ்யம் என்றால் தண்ணீர் சென்சாரையே தொட்டுவிட்டது என்று பொருள். நடுச்சாமத்தில் சைரன் அலறி ஊரே எழுந்துவிடும். 2 செ.மீ.க்குக் கீழே அந்தச் சென்சாரால் அளக்கவே முடியாது என்பதால், பூஜ்யம் வந்தால் கம்பியைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியை நிரலில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.