புற்றுமண்ணின் சொந்தக்காரர்கள்

சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும், சித்தி முதல் வேலையாக என் நெற்றியில் அம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசிவிடுவாள். தோல் நோய் தீரும், விஷ ஜந்து அண்டாது என்பது ஊர் நம்பிக்கை. வீட்டில் தேள், பாம்பு தொந்தரவு இருந்தால் அவற்றின் தகட்டு உருவங்களை வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவார்கள். எனக்கோ தகட்டைவிட அசல் மேல்தான் ஆசை.

அசலைப் பார்க்க ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வரக் கூடாது. ஐப்பசியில், ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் காட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். ஓடைக்கரையில் இடுப்புயரப் புற்று நிற்கும். நாகப்பாம்புக்குப் புற்று கட்டத் தெரியாது. கறையான் விட்டுப்போன வீட்டில் குடியேறும், அவ்வளவுதான். கட்டியதெல்லாம் கண்ணே இல்லாத வேலைக்காரக் கறையான்கள். அடிமண்ணை எச்சிலில் குழைத்து உருண்டை உருண்டையாக அடுக்கி, உள்ளே காளான் பயிர் வைத்து, அதைத் தின்று வாழ்கின்றன. மழை விட்டதும் அதே புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். சித்தி சின்ன வயதில் விளக்கு வைத்து ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற கதையை வருஷம் தவறாமல் சொல்வாள்.

ஈசல் பறக்கும் நாட்களில் ஈர மண்ணில் குங்குமச் சிவப்பில் தம்பலப்பூச்சி ஊரும். பட்டுத்துணியைக் கிள்ளிப் போட்டது போலிருக்கும். எட்டுக் கால், பூச்சி என்கிறோமே தவிர, சிலந்திக்கு உறவு. ஓரிரு நாளில் மறுபடி மண்ணுக்குள் போய்விடும், தவறவிட்டால் அடுத்த மழைதான்.

வெயில் காலத்தில் வருகிறவர்கள் விசிறித்தொண்டை ஓணானைத் தேடலாம். ஆண் ஓணான் ஒரு கல் மேல் ஏறி, தொண்டைத் தோலை விரித்து விரித்து மடக்கும். தென்னிந்தியாவில் கண்டறிந்து 2016-இல் அறிவித்த இரண்டு இனங்களுக்கு 'விசிறி', 'மருதம்நெய்தல்' என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். அரணையையும் பார்ப்பீர்கள். கடித்தால் மரணம் என்பதெல்லாம் எதுகைக்காகச் சொன்னது. அதற்கு விஷமே கிடையாது.

நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்துச் சித்தி கேட்பாள்: "ஏல, எதைத் தேடுத? காசு கீசு விழுந்துட்டா?"

போன தடவை அவளையே கூட்டிக்கொண்டு ராத்திரி கொல்லைக்குப் போனேன். இருவருக்கும் கால் மூடிய செருப்பு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கல்லைப் புரட்டுவது, பொந்தில் கைவிடுவது கூடவே கூடாது. பாம்பு கடித்துவிட்டால் புற்றுமண் உதவாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அம்மன் என்ன ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னா சொன்னா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

டார்ச்சைக் கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டருகே வைத்துத் தரையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓநாய்ச் சிலந்திகளின் கண்ணில் பட்ட வெளிச்சம் நேரே நம் கண்ணுக்குத் திரும்பும். சித்தி அப்படியே பிடித்தாள். தரையெல்லாம் பச்சைப் பொட்டு, பனித்துளி மாதிரி.

"பூராவும் கண்ணாலே?"

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு டார்ச்சை என்னிடம் தராமலே தொழுவத்துப் பக்கம் நடந்தாள்.