உடைந்த அணையும் உடையாத அணையும்: ‘புறோசன்’ திரைப்படங்களின் பின்புலம்

வெகுசனக் கலையாக்கங்களை ஆராய்வோர் அவற்றின் கதையமைப்பை மட்டும் நோக்குதல் போதாது. அவற்றுக்கு மூலப்பொருள் வழங்கிய மக்கள் யாவர் என்பதும் வினவப்படல் வேண்டும். டிஸ்னி நிறுவனம் 2013இலும் 2019இலும் வெளியிட்ட ‘புறோசன்’ எனும் இரு அசைவூட்ட இசைப்படங்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

முதற் படம் அன்டர்சனின் ‘பனி அரசி’ கதையால் உந்தப்பட்டது. ஆயினும், அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் இசை, ஸ்கண்டிநேவியாவின் வடபுலத்து ஆதிக்குடிகளான சாமி மக்களின் ‘யொய்க்’ எனும் பாடன்மரபைத் தழுவியது. அம்மரபில் வந்த புறோட பியெல்கைம் தாம் முன்னர் இயற்றிய குழுப்பாடலொன்றையே இங்கு மாற்றியமைத்தார். யொய்க் வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு மனிதரையோ விலங்கையோ இடத்தையோ குரலால் முன்னிறுத்துவது. மதபோதகர் அதனைப் பாவமெனக் கண்டித்தனர்; நோர்வேமயமாக்கற் கொள்கையோ சாமி மொழியையே பாடசாலைகளிலிருந்து ஒதுக்கியது.

இரண்டாம் படத்தில் ‘நோர்துல்ட்ரா’ எனும் கற்பனைக் குடியினர் சாமி மக்களைத் தழுவிப் படைக்கப்பட்டனர். இம்முறை நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் சாமி நாடாளுமன்றங்களும் சாமிப் பேரவையும் டிஸ்னியுடன் ஒப்பந்தம் செய்தன. ‘வெர்டெட்’ எனும் ஆலோசனைக்குழு அமைந்தது. வட சாமி மொழியிலும் படம் வெளிவந்தது. இதனை மூலதனத்தின் பெருந்தன்மை எனக் கொள்ளலாமா?

விடைக்கு ஆல்ட்டா ஆற்றை நோக்குதல் வேண்டும். அங்கு நீர்மின் திட்டமொன்று சாமி மக்களின் கலைமான் மேய்ச்சலுக்கும் மீன்பிடிக்கும் ஊறு விளைப்பதாய் அமைந்தது. 1979இல் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் சாமி இளைஞர் உண்ணாவிரதமிருந்தனர். 1981இல் ஏறக்குறைய 600 பொலிசார் மறியலாளரை அகற்றினர். 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 1987இல் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அணை நின்றது. ஆனால் அப்போராட்டம் திரட்டிய அரசியல் வலுவே 1989இல் நோர்வேயின் சாமி நாடாளுமன்றம் உருவாக வழிகோலியது. முப்பது ஆண்டுகளின் பின் டிஸ்னியுடன் ஒப்பந்தம் செய்தோருள் அந்நாடாளுமன்றமும் ஒன்று.

படத்திலும் ஓர் அணை வருகிறது. நட்பின் கொடையெனக் கூறி அரசன் கட்டுவித்த அவ்வணை குடிகளின் நிலத்தை நலிவிக்கிறது; உண்மையுணர்ந்த இளவரசி அதனைத் தகர்க்கச் செய்கிறாள்; பெருகிவரும் வெள்ளத்தை அவள் தமக்கை தடுக்க, அரச நகரும் தப்புகிறது. அநீதி நீங்குகிறது, அதற்காக ஆள்வோர் எதையும் இழப்பதில்லை. மக்கள் போராடிப் பெற்றது அரச குடும்பத்தின் மனமாற்றத்தால் விளைந்ததாக மாறுவதிலேயே படத்தின் கருத்துநிலை வெளிப்படுகின்றது. ஒப்பந்தத்தை வரவேற்கும் நாம் இதனையும் மனங்கொள்ளல் வேண்டும்: திரையில் அணை உடைந்தது, ஆல்ட்டாவில் அது இன்றும் நிற்கின்றது.