உடைந்த கதவுக் கண்ணாடியும் உயிர்ப் பாதுகாப்பும்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், பொழுது புலருமுன் கேட்பது ஜீப்புகளின் ஓசையாகும். கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டுப் பாதைகளில் கேரளத்து இடுக்கி மாவட்டத்திற்கு மலையேறும் வண்டிகள் அவை. பொலிரோவாயினும் சுமோவாயினும் டிராக்ஸாயினும், நம் ஊர் வழக்கில் எல்லாம் ‘ஜீப்பு’தான். அவற்றுள் பல, பல்லாண்டு மலையேறி மூப்படைந்தவை.

இத்தகைய பழைய வண்டியில் கதவின் சன்னல் கண்ணாடி உடைந்துவிட்டால், “ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டினால் போதும்” என்று எண்ணுவோர் உளர். எந்தக் கண்ணாடியை மாட்டுகிறோம் என்பது வண்டிக்குள் இருப்போரின் உயிரோடு தொடர்புடையது. இதனை இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், அவ்வேலையைக் கூட நின்று செய்தவன் என்ற முறையிலும் இங்கு விளக்க விழைகிறேன்.

ஒரே வண்டியில் இருவகைக் கண்ணாடி

ஒரு வண்டியின் முன்கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், அமைப்பால் வேறானவை. முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டப்பெற்றது. பிரெஞ்சு நாட்டவரான எதுவார் பெனடிக்டஸ் 1909ஆம் ஆண்டில் இவ்வகைக்குக் காப்புரிமை பெற்றார். கல் பட்டால் இது சிலந்தி வலைபோல் விரிசல் விடுமேயன்றிச் சிதறி விழாது; உள்ளிருப்போர் வெளியே வீசப்படாமலும் காக்கும்.

கதவுக் கண்ணாடியோ பொதுவாக ஒற்றைத் தகடு. ஆனால் வெப்பத்தால் பதப்படுத்தப்பெற்றது. இதனைக் கடைக்காரர்கள் ‘டஃபண்டு கண்ணாடி’ என்பர். உடைந்தால் ஒரு நொடியில் முழுவதும் கற்கண்டுத் துண்டுகள்போல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அத்துண்டுகளால் சிராய்ப்பு ஏற்படலாம். கழுத்தை அறுக்கும் கத்திபோன்ற நீண்ட சில்லுகள் உண்டாவதில்லை. மேலும், வண்டி கவிழ்ந்து கதவு திறக்க முடியாமற் போனால், சன்னலை உடைத்து வெளியேறவும் பிறர் உள்ளே கைகொடுக்கவும் வழி பிறக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட போடி மெட்டுச் சாலையில் செல்லும் வண்டிக்கு இது சிறு செய்தியன்று.

இளவரசரின் கண்ணாடித் துளி

பதப்படுத்திய கண்ணாடியின் தன்மையைப் புரிந்துகொள்ளப் பதினேழாம் நூற்றாண்டின் விளையாட்டுப் பொருள் ஒன்று உதவும். உருகிய கண்ணாடியைத் துளியாக நீரில் விட்டால், பருத்த தலையும் மெல்லிய வாலும் உடைய கண்ணாடித் துளி கிடைக்கும். இளவரசர் ரூபர்ட் என்பவர் 1660ஆம் ஆண்டில் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து அரசர் இரண்டாம் சார்லசுக்குக் காட்டினார். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைச் சற்றே கிள்ளினால் துளி முழுவதும் வெடித்துத் தூளாகிவிடும். இதற்குக் காரணம் யாது?

துளியின் மேற்புறம் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது, முன்னரே இறுகிவிட்ட மேற்புறத்தை உள்நோக்கி இழுக்கிறது. இதனால் மேற்புறத்தில் அமுக்கத் தகைவும், உட்புறத்தில் இழுவிசைத் தகைவும் நிலையாகத் தங்கிவிடுகின்றன. கண்ணாடியிலுள்ள நுண்ணிய கீறல்களே அதன் வலிமையைக் குறைக்கின்றன என்று ஏ.ஏ. கிரிஃபித் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். மேற்புறம் அமுங்கிய நிலையில் இருப்பதால் அக்கீறல்கள் வாய் திறக்க இயலாது. கண்ணாடியும் வலிமை பெறுகிறது. ஆயினும் ஒரு கீறல் அமுக்க அடுக்கைத் துளைத்து உட்புறத்தை அடைந்துவிட்டால், தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் ஒருங்கே வெளிப்பட்டு விரிசல் எங்கும் பரவும். சந்திரசேகர், சௌத்ரி என்னும் இரு அறிஞர்கள் 1994ஆம் ஆண்டில் அதிவேகப் புகைப்படக் கருவியால் இதனை ஆராய்ந்து, ரூபர்ட் துளியில் விரிசல் நொடிக்கு 1,450 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுவதைக் கண்டனர்.

இன்றைய ஆலைகளில் நீருக்குப் பதிலாகக் காற்று பயன்படுகிறது. கண்ணாடித் தகட்டை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பாய்ச்சுகின்றனர். இவ்வாறு பதம் பெற்ற கண்ணாடி, அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு மடங்கு வரை வலிமையுடையதாகிறது.

வெட்ட முடியாத கண்ணாடி

மேற்கூறிய விளக்கத்திலிருந்து ஓர் உண்மை தானே பெறப்படும். பதப்படுத்திய கண்ணாடியை அதன்பின் வெட்டவோ துளையிடவோ இயலாது. வைரமுனை சற்று ஆழப் பதிந்தாலும் தகடு முழுவதும் உதிர்ந்துவிடும். ஆகவே ஆலையில் முதலில் அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளை வேண்டுமாயின் இட்டு, வளைவும் கொடுத்த பிறகே பதப்படுத்துகின்றனர். இதனால் ஒவ்வொரு வண்டிக்கும், அதிலும் ஒவ்வொரு கதவுக்கும், தனித்தனியே கண்ணாடி வாங்க வேண்டியுள்ளது.

ஏலத்தோட்டத்திற்கு ஆள் ஏற்றிச் செல்லும் என் தாய்மாமனின் பழைய பொலிரோவில், எதிரே வந்த லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று வலப்புற நடுக்கதவின் கண்ணாடியை உடைத்தது. சன்னலோரம் இருந்த அம்மாவின் மடி நிறையக் கண்ணாடிக் குருணை. கையில் இரண்டு சிராய்ப்பு மட்டுமே. மறுநாள் நாங்கள் சென்ற கடையில், “எதுக்கு மாப்ள அலையுறீங்க? வீட்டுச் சன்னல் கண்ணாடியவே அளவா வெட்டித் தாரேன், பாதி விலைதான்” என்றார் கடைக்காரர். மாமாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று என்பது அவர் கவலை. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “வெட்ட வருதுன்னா அது பதம் போட்ட கண்ணாடி இல்லையே மாமா? நேத்து அந்த அம்மா மடியில குருணை விழுந்துச்சு. இது உடைஞ்சா என்ன விழும்?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மதுரையிலிருந்து அவ்வண்டிக்குரிய கண்ணாடியை வரவழைக்கச் சம்மதித்தார். இரண்டு நாள் வண்டி நின்றது உண்மையே.

மாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள், களைப்பு மிகுதியால் தலையைச் சன்னலில் சாய்த்தே உறங்கி வருவர். அந்தத் தலைக்கும் கழுத்துக்கும் அருகில் இருப்பது எவ்வகைக் கண்ணாடி என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாகத் தகரத்தையோ பலகையையோ அடித்து வைப்பதும் தவறே. அது வெளிச்சத்தையும் ஓட்டுநரின் பார்வையையும் மறைப்பதோடு, ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, வண்டியின் வகை, அது வெளிவந்த ஆண்டு, எந்தப் பக்கம், முன்கதவா நடுக்கதவா என்பவற்றைக் குறித்துச் செல்ல வேண்டும். இடப்புறக் கண்ணாடி வலப்புறத்திற்குப் பொருந்தாது.

இரண்டாவதாக, கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாலை வாகனங்களின் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி உரியது. தயாரிப்பாளர் பெயரும் இவ்வெண்ணும் அம்முத்திரையில் காணப்படும். முத்திரையற்ற கண்ணாடியை வாங்காதிருப்பதே நலம்.

மூன்றாவதாக, நிறம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 100ஆம் விதியின்படி, பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 விழுக்காடு ஒளி செல்ல வேண்டும்.

நான்காவதாக, இயற்பியல் மாணவர்களுக்கு உவப்பான சோதனை ஒன்றுண்டு. தகைவுக்கு உட்பட்ட கண்ணாடி இரட்டை ஒளிவிலகல் காட்டும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் புரூஸ்டர் கண்டறிந்தார். நீல வானத்தின் ஒளி ஓரளவு தளவிளைவுற்றது. ஆகவே காலையிலோ மாலையிலோ ‘போலராய்டு’ குளிர்கண்ணாடி அணிந்து, வானம் பிரதிபலிக்கும் வண்டிச் சன்னலைச் சாய்வாக நோக்கினால், பதப்படுத்திய கண்ணாடியில் பெரும்பாலும் கரும்புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்றுப் பாய்ந்த குழாய் முனைகள் விட்டுச் சென்ற தடயங்கள் அவை. சாதாரணக் கண்ணாடியில் அவ்வடிவங்கள் தோன்றா. நம் கல்லூரி வாயிலில் நிற்கும் எந்தப் பேருந்திலும் இதனை அன்பர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

மாற்றும் முறை

கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்து வேலையைத் தொடங்க வேண்டும். கதவின் கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்க. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை இப்போது சுற்றலாகாது. உள்ளே கிடக்கும் துண்டுகள் பல்சக்கரத்தில் சிக்கும்.

கைப்பிடி சில வண்டிகளில் திருகாணியாலும், சிலவற்றில் பின்புறம் மறைந்துள்ள லாடவடிவக் கிளிப்பாலும் பிணைக்கப்பட்டிருக்கும். கிளிப் ஆயின், கைப்பிடிக்குப் பின்னே ஒரு துணித்துண்டை நுழைத்து இருபுறமும் மாறிமாறி இழுத்தால் கழன்று வரும். பின்னர்க் கைதாங்கியின் திருகாணிகளைக் கழற்றி, மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்று சொல்லும் உட்பலகையை, அதன் பிளாஸ்டிக் பொத்தான்களுக்கு அருகிலேயே நெம்பி மெல்ல எடுக்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் பலகை முறியும். அதன் பின்னால் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து வைத்துக்கொள்க.

அடுத்து வருவது பலரும் விட்டுவிடும் வேலை. கதவின் அடியிலும், கண்ணாடி ஓடும் பள்ளங்களிலும் தங்கிய துண்டுகளை ஒன்றுவிடாமல் அகற்ற வேண்டும். மழை பெய்யும்போது கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் நீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. கண்ணாடித் துண்டுகள் அத்துளைகளை அடைத்தால் நீர் தேங்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலில் நாள்தோறும் நனையும் வண்டியின் கதவு உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும்.

கண்ணாடியின் அடிவிளிம்பைத் தாங்கும் இரும்புப் பள்ளம் ‘சேனல்’ எனப்படும். அது, கத்தரிக்கோல்போல் விரிந்து சுருங்கும் ‘ரெகுலேட்டர்’ என்னும் பொறியோடு இணைந்தது. சேனலைக் கழற்றி, பழைய ரப்பரை நீக்கி, புதிய ரப்பரைச் சோப்பு நீரில் நனைத்துப் புதிய கண்ணாடியின் விளிம்பில் பொருத்தி, சேனலை அதன்மேல் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஏற்ற வேண்டும். இரும்பும் கண்ணாடியும் எவ்விடத்தும் நேரே தொடலாகாது. பதப்படுத்திய கண்ணாடிக்கு விளிம்பே மிக மென்மையான இடம். இக்காரணத்தாலேயே அதனைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி வைப்பதும் கூடாது; சாக்கின் மேலோ மரக்கட்டையின் மேலோ வைக்க வேண்டும்.

பின்னர்க் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் கதவின் மேல் இடுக்கு வழியே உள்ளே இறக்கி, இருபக்கப் பள்ளங்களிலும் நுழைத்து நிமிர்த்துக. ஒருவர் கண்ணாடியைத் தாங்க, மற்றொருவர் சேனலை ரெகுலேட்டருடன் இணைக்க வேண்டும். இவ்வேலைக்கு இருவர் தேவை. திருகாணிகளை முதலில் தளர்வாகவே வைத்து, கைப்பிடியை மாட்டி, கண்ணாடியை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சட்டத்தில் சாயாமல் நேராக அமர்ந்த பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். ஏறும்போது இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாமல், பக்க ரப்பர் மடிந்துள்ளதா, துண்டு ஏதேனும் எஞ்சியுள்ளதா என்று தேடுதல் நன்று.

முடிவில் பிளாஸ்டிக் தாளை மறவாமல் ஒட்ட வேண்டும். கதவுக்குள் இறங்கும் நீர் உட்பலகையை ஊறச் செய்யாமலும், வண்டிக்குள் வராமலும் காப்பது அதுவே. ஒரு குடம் நீரைக் கண்ணாடியின்மேல் ஊற்றி, அடித்துளைகள் வழியே நீர் வெளியேறுகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

உடையாத பொருளே உயர்ந்தது என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். கதவுக் கண்ணாடியோ, எப்படி உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்ட பொருள். அந்த எண்ணத்தின் பயனை, பாதி விலைக்குக் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிக்காக நாம் இழக்கலாகாது. நம் மாணவ நண்பர்களுள் பலருடைய தாயும் தமக்கையும் இவ்வண்டிகளில்தாம் மலையேறி வருகின்றனர். அடுத்த முறை ஜீப்பில் ஏறும்போது, சன்னலின் மூலையில் அச்சிறு முத்திரை உள்ளதா என்று நோக்குங்கள். இல்லையெனில் ஓட்டுநரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். வகுப்பறையில் கற்ற தகைவும் திரிபும் நம் ஊர் மக்களுக்குப் பயன்பட அதுவே எளிய வழியாகும்.