ஈஸா நபியும் நம் நபியும்: ஒப்பிடும் முன் அறிய வேண்டியவை



"உங்கள் மதத்தை நிறுவியவர் யார்?" என்று கிறிஸ்தவ நண்பர்கள் கேட்டால், "முஹம்மது நபி (ஸல்)" என்று நம் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு 'எங்கள் நபியா, உங்கள் ஏசுவா' என்று பேச்சு வாக்குவாதமாகிறது. இதில் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டும்.

முதலாவது, இஸ்லாம் ஆதம் (அலை) முதல் எல்லா நபிமார்களும் போதித்த மார்க்கம் என்பது நம் ஈமான். நபி (ஸல்) அவர்கள் இறுதித் தூதர், நிறுவனர் அல்லர். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 25 நபிமார்களில் ஈஸா (அலை) அவர்களும் ஒருவர். வாதத்தில் வெல்வதற்காக அவரைத் தாழ்த்திப் பேசினால், பழுதாவது நம் ஈமான்தான்.

இரண்டாவது, இரு மார்க்கங்களிலும் இருவருக்கும் உள்ள இடம் ஒன்றல்ல. கிறிஸ்தவர்களுக்கு ஏசு, மனிதராக வந்த இறைவார்த்தை; வணக்கத்திற்குரியவர். அவர் இறைத்தன்மை உடையவர் என்பதை கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய பேரவை விசுவாச அறிக்கையாக வகுத்தது. நமக்கு இறைவார்த்தை குர்ஆன். நபி (ஸல்) அதை எடுத்துரைத்த மனிதர், அல்லாஹ்வின் அடியார். அவரை நாம் வணங்குவதில்லை, பின்பற்றுகிறோம். ஆகவே, அங்கே ஏசுவுக்கு உள்ள இடத்தை இங்கே குர்ஆனுக்கு உள்ள இடத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

முன்மாதிரி என்ற வகையில், சீடர்களின் கால்களைக் கழுவிய ஏசுவின் பணிவை நினைத்து, பெரிய வியாழனன்று தேவாலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. நமக்கோ நபி (ஸல்) அவர்களின் முழு வாழ்க்கையும் சுன்னத்தாக இருக்கிறது. வியாபாரி, கணவர், நீதிபதி, படைத்தலைவர் என எல்லா நிலைகளிலும் அவர் வாழ்ந்து காட்டினார். தம் செருப்பைத் தாமே தைத்தார். ஃபாத்திமா (ரலி) தவிர மற்ற பிள்ளைகள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தும் பொறுமை காத்தார்.

அவரை அழகிய முன்மாதிரி என்று கூறும் குர்ஆன் (33:21), இப்ராஹீம் (அலை) அவர்களையும் அப்படியே கூறுகிறது (60:4). ஃபிர்அவ்னின் மனைவியையும் மர்யம் (அலை) அவர்களையும் ஈமான் கொண்ட ஆண், பெண் அனைவருக்கும் உதாரணமாக்குகிறது (66:11-12). கிறிஸ்தவர்கள் போற்றும் மரியாளும் இந்த மர்யம் (அலை) அவர்களே.

வேதக்காரர்களிடம் அழகிய முறையிலேயே தர்க்கம் செய்ய வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை (29:46). பெற்றோர்களே, இம்மாதம் பிள்ளைகளோடு அமர்ந்து 'மர்யம்' அத்தியாயத்தைத் தமிழ் மொழிபெயர்ப்புடன் ஓதுங்கள். அடுத்த முறை நண்பர்கள் கேட்டால், நம் பிள்ளைகள் தெளிவோடும் கண்ணியத்தோடும் பதில் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.