மகன் எப்போது ‘மகர்’ ஆனான்? – ‘காதலிக்க நேரமில்லை’ சொல்லும் பாடம்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு இதழாசிரியர் குழுவைச் சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டபோது, முன்னாள் மாணவன் என்ற முறையில் சங்க இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ ஒரு திரைப்படம். அதுவும் நகைச்சுவைப் படம். ‘ர்’ என்னும் ஒற்றெழுத்தின் கனத்தை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது 1964ஆம் ஆண்டு வெளிவந்த, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. தமிழ் கற்கும் மாணவர்களாகிய நாம் இப்படத்தைச் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கதைச் சுருக்கம்

படத்தைப் பார்க்காத இளையோருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னமலை என்னும் ஊரில் தோட்டமும் மாளிகையும் உடைய செல்வர் விசுவநாதன் (டி.எஸ்.பாலையா). மனைவியை இழந்தவர், காசில் கெட்டி. மூத்த மகள் காஞ்சனா (நடிகையின் பெயரும் காஞ்சனாதான்), இளைய மகள் நிர்மலா (ராஜஸ்ரீ), சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்) ஆகிய மூவரும் அவருடைய பிள்ளைகள். இரு பெண்களும் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வீடு திரும்புகின்றனர். இருவரையும் பெரும் பணக்கார வீடுகளில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதே தந்தையின் ஒரே கனவு.

தோட்டத்தில் வேலை பார்க்கும் அசோக் (ரவிச்சந்திரன்) வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். அவன் சும்மா போகவில்லை. முதலாளி வீட்டின் எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாட்டுப் பாடிப் போராட்டம் நடத்துகிறான். அவனுக்கும் நிர்மலாவுக்கும் காதல் மலர்கிறது. ஏழைக்குப் பெண் கிடைக்காது என்பதால், தான் சிதம்பரம் என்ற கோடீசுவரரின் ஒரே மகன் என்று ஒரு பொய்யை அவிழ்த்து விடுகிறான். பொய்க்கு ஒரு தந்தை வேண்டுமே! நண்பன் வாசுவை (முத்துராமன்) வரவழைத்து, கிழவர் வேடம் போட்டு, சிதம்பரமாக மாளிகைக்குள் அழைத்து வருகிறான். வாசுவின் காதலி காஞ்சனா, இதே விசுவநாதனின் மூத்த மகள் என்பது அங்கே வந்த பிறகே தெரிகிறது. போதாததற்கு, வாசுவின் உண்மையான தந்தையும் அங்கே வந்து சேர்கிறார்; அவரோ விசுவநாதனின் நண்பர், வசதி படைத்தவர். பெரியவர்கள் இருவரும் வாசுவுக்கும் காஞ்சனாவுக்கும் திருமணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையோ அதே வீட்டில் சம்பந்தியாக உட்கார்ந்திருக்கிறார்! பிறகு நடக்கும் குழப்பங்களைத் திரையில் பார்ப்பதே நல்லது. முடிவு சுபம்.

படம் பிறந்த காலம்

அந்நாளில் தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனி வண்டியாக ஓடும். கதாநாயகன் ஒரு பக்கம் அழுதுகொண்டிருப்பார். நகைச்சுவை நடிகர் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார். ஸ்ரீதரே அதுவரை கண்ணீருக்குப் பெயர் பெற்றவர். 1959இல் ‘கல்யாண பரிசு’, 1962இல் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று வந்த இயக்குநர், முழுக்க முழுக்கச் சிரிப்பையே கதையாக்கத் துணிந்தார். அதற்குத் துணை நின்றவர் அவருடைய செங்கல்பட்டுப் பள்ளித் தோழர் சித்ராலயா கோபு.

ஈஸ்ட்மேன் வண்ணத்தில் முழுநீளமாக வந்த தமிழ்ச் சமூகப் படங்களில் இது ஒரு முன்னோடி. ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. முதலாளியின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் ஒன்றாக அமைந்ததால், வேலை கேட்டு அசோக் பாடும் பாட்டு இன்றும் இரட்டைச் சுவை தருகிறது. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணைப் பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா தேவி, காஞ்சனா என்ற பெயருடன் நடிகையாக வந்ததும் ஸ்ரீதரால்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. இப்படத்தில் அறிமுகமான ரவிச்சந்திரன் மலேசிய மண்ணில் பிறந்தவர். இளவயதில் திருச்சிக்குச் சென்று அங்கே கல்வி கற்றவர், 2011இல் மறைந்தார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், “அந்தப் பையன் நம்ம ஊரு” என்று பெருமையோடு பேசிக்கொள்வோம் என்று எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதே கதை 1965இல் தெலுங்கிலும், 1966இல் ஸ்ரீதரின் இயக்கத்திலேயே ‘பியார் கியே ஜா’ என்று இந்தியிலும், பின்னர் கன்னடத்திலும் மராத்தியிலும் எடுக்கப்பட்டது. மொழி மாறியும் கதை நிலைத்ததற்குக் காரணம் அதன் கட்டுக்கோப்பு.

ஏன் சிரிக்கிறோம்?

இப்படத்தின் சிரிப்பு ‘யாருக்கு என்ன தெரியும்’ என்ற கணக்கில் பிறக்கிறது. பார்வையாளராகிய நமக்கு எல்லாம் தெரியும். காதலர்களுக்குப் பாதி தெரியும். விசுவநாதனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஆனால் அவர்தான் எல்லாம் தெரிந்தவர்போல் நடந்துகொள்கிறார். ஒவ்வொரு புதிய ஆள் வீட்டுக்குள் நுழையும்போதும், யாருடைய பொய் இப்போது உடையும் என்று நாம் பதறுகிறோம். அந்தப் பதற்றம்தான் சிரிப்பாக வெடிக்கிறது.

இதற்குள் ஒரு நுட்பமான முரணும் இருக்கிறது. பணக்காரராக நடிக்க வந்த வாசு உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. வேடம் போடாமல் நேரே வந்து பெண் கேட்டிருந்தால், விசுவநாதன் மறுபேச்சின்றிச் சம்மதித்திருப்பார். நண்பனின் பொய்க்குத் துணைபோனதால் தன் மெய்யைச் சொல்ல முடியாமல் திணறுகிறான்.

படத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் தவறாமல் சொல்லும் காட்சி, செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ முதலாளியான செல்லப்பா, அப்பாவிடம் பணம் கறக்கக் கதை சொல்ல உட்காருகிறான். இருளோ பேயோ எதுவும் திரையில் இல்லை. நாகேஷின் குரலும் கையும், பாலையாவின் முகமும் மட்டுமே இருக்கின்றன. ஓசைகளை நாகேஷ் வாயாலேயே எழுப்ப எழுப்ப, பாலையாவின் கண்களில் அச்சம் ஏறிக்கொண்டே போகிறது. 1936இல் ‘சதிலீலாவதி’யில் அறிமுகமாகி, கொடியவர் வேடங்களில் பல ஆண்டுகள் பிறரை மிரட்டிய பாலையா, இங்கே மகனின் வாய்ச்சொல்லுக்கு நடுங்குகிறார்.

இக்காட்சியைப் பலர் கதைக்குத் தொடர்பில்லாத தனி நகைச்சுவை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் முன்னே ஒன்றும் இல்லாதபோதே வெறும் ஓசையைக் கேட்டு நம்பிவிடுகிறவர் விசுவநாதன் என்பதை இக்காட்சி நமக்குக் காட்டிவிடுகிறது. பேயின் பெயரைக் கேட்டு அஞ்சுகிற அதே மனிதர்தான், கோடியின் பெயரைக் கேட்டுக் குழைகிறார்.

மகன், மகர்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அசோக் கோடீசுவரர் மகன் என்று தெரிந்ததும் விசுவநாதனின் உடல் வளைகிறது; குரல் மாறுகிறது; இலக்கணமும் மாறுகிறது. நேற்றுவரை ஒருமையில் ஏசப்பட்டவன் ‘அசோகர்’ ஆகிறான். போலிச் சிதம்பரத்திடம் பேசும்போது, ‘உங்கள் மகன்’ என்று சொல்ல விசுவநாதனுக்கு நா எழவில்லை. ‘மகர்’ என்கிறார்! தமிழில் இல்லாத சொல். அவருடைய பேராசை ஒரு புதுச் சொல்லையே படைத்துவிட்டது.

நம் மொழியில் ‘அன்’ விகுதி ஆண்பால் ஒருமைக்கு உரியது. ‘அர்’ விகுதி பலர்பாலுக்கு உரியது. ஒருவரையே மதித்துச் சொல்லும்போது பன்மையைக் கடன் வாங்குகிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதைத் தொட்டுப் பேசுகிறார். ஒருவரைப் பன்மையில் கூறுவது உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல்லே தவிர, இலக்கண நெறிப்பட்டதன்று என்பது அவர் கருத்து. அதாவது, யாருக்கு ‘அர்’ போட வேண்டும் என்று இலக்கணம் கட்டளையிடவில்லை. நாம்தான் முடிவு செய்கிறோம். விசுவநாதன் பணப்பையைப் பார்த்து முடிவு செய்தார். நாம் எதைப் பார்த்து முடிவு செய்கிறோம்?

எங்கள் வீட்டில் ஒரு மாலை

இக்கேள்வியை எனக்குக் கேட்டது ஏட்டுப் படிப்பு அன்று. 2004ஆம் ஆண்டு. நான் பொறியியல் துறையில் இறுதியாண்டு மாணவன். அக்காவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுபவர். மாப்பிள்ளையின் மாமா, அப்பாவைவிடப் பத்து வயதாவது இளையவர், நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

“லோரிதான் ஓட்டுறியா? எந்தப் பக்கம்?”

அப்பா அமைதியாகப் பதில் சொன்னார். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது.

“பையன் என்ன பண்றான்?”

“பல்கலைக்கழகத்துல கடைசி வருசம். எஞ்சினியரிங் படிக்கிறான்.”

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “அப்படிங்களா! சொல்லவே இல்லீங்களே! தம்பி, ஏன் நிக்கிறீங்க? வந்து உக்காருங்க.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அதை மறைப்பதில் பயனில்லை. அவர்கள் போன பிறகு அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்த ‘ங்க’ உனக்கு வந்ததுடா. எனக்கு வரல.”

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். “அப்பாவ நீன்னு சொன்ன வீட்டுக்கு நான் போகலம்மா” என்றாள். அம்மா அழுதார். நல்ல இடம், இப்படி ஒரு சொல்லுக்காகத் தட்டிக் கழிப்பதா என்று உறவினர்கள் இரண்டு மாதம் பேசினார்கள். அக்கா அசையவில்லை. அப்பாவும் அவளை வற்புறுத்தவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் அந்த மாமாவைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த வாரம் விடுதிக்குத் திரும்பினேன். உணவகத்தில் மேசை துடைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நம் தமிழர்தான், அப்பா வயது. உட்கார்ந்ததும் வழக்கம்போல், “அண்ணே, இங்க கொஞ்சம் துடை” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ‘துடைங்க’ என்று சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகளாக வாய் வரவில்லை. அதே வாய், விரிவுரையாளரைக் கண்டால் வாக்கியத்துக்கு இரண்டு ‘ங்க’ போட்டது. விசுவநாதனைப் பார்த்துச் சிரித்தவன் நான்; அவருடைய இலக்கணத்தைத்தான் நானும் பின்பற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் “துடைங்க” என்றேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, துடைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் எந்தக் கதையும் இல்லை.

நிறைவாக

இப்படத்தைக் குறையே இல்லாதது என்று நான் புகழ வரவில்லை. படித்த பெண்கள் இருவரும் தங்கள் துணையைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் “பணத்தைப் பார்க்காதீர்கள் அப்பா” என்று நேருக்கு நேர் வாதாடுவதைவிட, அவரை ஏமாற்றும் நாடகத்தில் சேர்ந்துகொள்வதே அவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. தந்தையின் அளவுகோலை யாரும் ஒடிக்கவில்லை. அதற்கேற்பப் பொய்யாக வளர்ந்து காட்டுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய படத்தில் இதற்குமேல் எதிர்பார்ப்பதும் சரியன்று. எங்கள் அக்கா அந்த அளவுகோலையே வேண்டாம் என்றாள். அவளுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருமணம் நடந்தது. அத்தான் முதல் நாள் வந்தபோது அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “மாமா, சாப்டீங்களா?”

ஸ்ரீதர் 2008இலும் நாகேஷ் 2009இலும் மறைந்துவிட்டார்கள். பாலையா 1972லேயே போய்விட்டார். அவர்கள் விட்டுச் சென்ற சிரிப்பு இன்னும் நம் வீடுகளில் கேட்கிறது. கழகத்துத் தம்பி தங்கையரே, அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து இப்படத்தைப் பாருங்கள். ‘மகர்’ என்ற சொல் வரும்போது வயிறு வலிக்கச் சிரியுங்கள். பிறகு நாளை காலை விடுதிக் காவலரிடமும், பேருந்து ஓட்டுநரிடமும், உணவக அண்ணனிடமும் எந்த விகுதியில் பேசப் போகிறீர்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தமிழ் படிப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.