வார மாத்திரையைத் தினமும் விழுங்கினால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலையடியில் நிற்பவருக்குத் தாகமும் அசதியும் புதிதல்ல. நாக்கு வறண்டால் வெக்கை என்பார். பக்கத்தில் நிற்பவர் மோர் குடிக்கச் சொல்வார். வைட்டமின் டி அளவு மீறினாலும் முதலில் வருவது இதே தாகமும் அசதியும்தான். என் பயமே அதில்தான் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறவர்கள் திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளில் ஏராளம். கால் குடைச்சல், முதுகுவலி என்று போனால் டி குறைவு என்று தெரியவருகிறது. அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம். கெடு முடிந்த பிறகும் காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறார்கள். வலி விடாவிட்டால், சத்து மாத்திரைதானே என்று தினமும் போடத் தோன்றும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு நாள் தேவை 600 யூனிட். தாண்டக்கூடாத எல்லை 4,000. தினம் ஒரு மாத்திரை என்றால் அந்த எல்லையைப்போல் பதினைந்து மடங்கு.

டி நச்சாகிப்போன பத்து நோயாளிகளைப் பற்றிக் காஷ்மீர் மருத்துவர்கள் 2011இல் எழுதினார்கள். ஒன்று முதல் நான்கு மாதங்களில் அவர்கள் உடம்பில் ஏறியது 36 லட்சம் முதல் 21 கோடி யூனிட் வரை. வாந்தி, தீராத தாகம், ஓயாத சிறுநீர், சித்தக் கலக்கம், சிறுநீரகப் பாதிப்பு என்று வந்து சேர்ந்தார்கள். 36 லட்சம் என்பது எங்கோ இருக்கிற எண் இல்லை. அறுபதாயிரம் மாத்திரையில் அறுபது. தினம் ஒன்றாக இரண்டே மாதம்!

டி மிகுந்தால் குடல் கால்சியத்தை வாரி உறிஞ்சுகிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறியதும் சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க முடியாமல் வெளியேற்றுகிறது. உலைச் சூட்டில் ஏற்கெனவே வியர்த்து வற்றிய உடம்புக்கு இது இரட்டை இழப்பு. கல் சேரலாம், சிறுநீரகமே செயலிழக்கலாம். டி கொழுப்பில் தங்குவதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் பாதிப்பு நீடிக்கும்.

நம் நாட்டில் டி குறைபாடு பரவலாக உள்ளது, மருந்து அவசியம் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான்.

ஆனால் அந்த மாத்திரையை விற்கும்போதே ‘வாரம் ஒன்று’ என்று அட்டையின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளிக்கு இந்தியில். தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று வருகிறவரிடம், என்ன சத்து மாத்திரை போடுகிறாய், எத்தனை நாளாக என்று ஆலை மருத்துவர் கேட்கட்டும். பதில் சந்தேகமாக இருந்தால், குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடாமல், ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் அன்றே பார்க்க வேண்டும்.