பழைய எஞ்சினும் சிரிப்பூட்டும் வாயுவும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் மூப்படைவது ஒரே நாளில் நிகழ்வதன்று. முன்பு மூன்றாவது கியரிலேயே ஏறிய மேட்டில் வண்டி இரண்டாவது கியரைக் கேட்கத் தொடங்கும். மாதம் ஒரு முறையேனும் எண்ணெய் ஊற்ற வேண்டி வரும். காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது புகைக் குழாயின் வாயில் நீலப் புகை ஒரு கணம் தோன்றி மறையும். இத்தகைய வண்டிக்கு, எஞ்சினைப் பிரிக்காமலே, 25 முதல் 50 குதிரைச்சக்தி வரை கூட்டித் தரக்கூடிய சாதனம் ஒன்று உண்டு. ஒரு வாயுக் கலம், இரண்டு மெல்லிய குழாய்கள், மின்சாரத்தால் திறக்கும் வால்வுகள், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தான்: அவ்வளவே அதன் உறுப்புக்கள். கலத்தினுள் இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு.

நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த எஞ்சின் இதைத் தாங்குமா என்ற கேள்விக்கு, பந்தய வண்டிகளில் பழகியவர்களிடமிருந்து நேர் எதிரான இரு விடைகள் கிடைக்கின்றன. முதல் முறை பொத்தானை அழுத்தியதுமே பிஸ்டன் உருகிப்போன வண்டிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் கெடாமல் ஓடியவையும் உண்டு. இவ்வேறுபாடு அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று. எஞ்சினுள் முன்பே ஒளிந்திருந்த குறை எதுவோ, அதையே நைட்ரஸ் சில விநாடிகளில் வெளிக்கொணர்கிறது.

இவ்வாயுவை 1772-இல் முதன்முதலாகத் தயாரித்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. பிரிஸ்டல் நகரிலிருந்த வாயு மருத்துவ நிலையத்தில் ஹம்ஃப்ரி டேவி 1799-இல் இதைத் தாமே முகர்ந்து பார்த்து, அது விளைவித்த களிப்பை விவரித்து அடுத்த ஆண்டே நூல் எழுதினார். சிரிப்பூட்டும் வாயு என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. பல் வைத்தியர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுப்பதும் இதே வாயுதான். எஞ்சினுக்கு இது பயன்படும் காரணமோ முற்றிலும் வேறு.

எஞ்சினின் சக்திக்கு எல்லை வகுப்பது பெட்ரோல் அன்று, காற்றே. பெட்ரோலை வேண்டுமளவு ஊற்றிவிடலாம். ஆனால் அதை எரிக்கத் தேவையான பிராணவாயு, பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் உள்ளிழுக்கும் காற்றில் உள்ள அளவே கிடைக்கும். காற்றின் எடையில் பிராணவாயு சுமார் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்ஸைடிலோ 36 சதவீதம். சாதாரண உஷ்ணத்தில் இந்தப் பிராணவாயு நைட்ரஜனுடன் கட்டுண்டு கிடக்கும். சிலிண்டருக்குள் எரியும் கலவையின் உக்கிரமான வெப்பத்தில் அக்கட்டு அவிழ்ந்து, பிராணவாயு எரிதலுக்கு விடுபடுகிறது. தனிப் பிராணவாயுவையே செலுத்தலாகாதா என்று கேட்கலாம். அது கட்டுக்கடங்காத வெப்பத்தை எழுப்பும். உயர்ந்த அமுக்கத்தில் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். நைட்ரஸ் பிரியும்போது உடன் வெளிப்படும் நைட்ரஜன் எரிதலின் வேகத்தை ஓரளவு தணிக்கிறது. மேலும் அது கலத்தில் திரவமாக அடங்கியிருக்கும். வெளிப்பட்டதும் மைனஸ் 88 டிகிரியில் கொதித்து ஆவியாகி, உட்செல்லும் காற்றையும் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது; எனவே இதுவும் ஒரு லாபமே.

எஞ்சினில் இதனைப் பெருமளவில் கையாண்டவர்கள் இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் விமானப் படையினர். காற்று மெலிந்த பேருயரத்தில் எஞ்சின் சோர்ந்தபோது, ஜீ.எம்.-1 என்ற அமைப்பின் மூலம் நைட்ரஸைச் செலுத்தி, இழந்த சக்தியை மீட்டனர். பிரிட்டிஷாரும் சில மஸ்கிட்டோ இரவுப் போர் விமானங்களில் இதைப் பயன்படுத்தினர். அங்கே குறைந்துபோன பிராணவாயு ஈடு செய்யப்பட்டது. தரையில் ஓடும் காரிலோ, குறையாத பிராணவாயுவின் மேல் இன்னும் கூட்டப்படுகிறது. சிலிண்டருக்குள் எழும் அமுக்கம், எஞ்சினை அமைத்தவர் எண்ணியிராத அளவுக்கு உயர்வது இதனால்தான்.

ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் 75 குதிரைச்சக்தி தருவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு ஏறக்குறைய 60 கிராம் காற்றை உட்கொள்ளும்; அதில் பிராணவாயு 14 கிராம் இருக்கும். பிராணவாயுவை மூன்றில் ஒரு பங்கு கூட்ட விநாடிக்குச் சுமார் 13 கிராம் நைட்ரஸ் தேவை. நான்கரைக் கிலோ கொள்ளும் கலம் ஆறு நிமிடத்துக்குள் காலியாகிவிடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே கணத்தில் பெட்ரோலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தாக வேண்டும்.

பழைய வண்டி பெரும்பாலும் தோற்றுப்போவது இங்கேதான். பல ஆண்டுகள் உழைத்த பெட்ரோல் பம்ப், அழுக்கேறிய வடிகட்டி, பாதி அடைபட்ட தெளிப்பு முனைகள் ஆகியவை அன்றாட ஓட்டத்துக்குப் போதுமான பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கும். குறை வெளியே தெரியாது. நைட்ரஸ் பாயும்போதுதான் பற்றாக்குறை தோன்றும். பிராணவாயு மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை கடும் வெப்பத்தோடு எரியும். அலுமினியத்தாலான பிஸ்டனின் தலை முதலில் இளகும், பிறகு துளைபடும். இத்தனைக்கும் சில விநாடிகளே போதும். ஆகவே பம்பின் அமுக்கத்தை, எஞ்சின் சும்மா ஓடும்போது அன்றி, முழுப் பளுவில் அளந்து பார்ப்பதே முறை. முப்பது ரூபாய் வடிகட்டி பிஸ்டனைப் பலி வாங்கிய கதை வண்டிப் பட்டறைகளில் புதிதன்று.

இரண்டாவது அபாயம் கரிப் படிவு. ரிங்குகளும் வால்வு வழிகளும் தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் எரியறைக்குள் கசிந்து எரியும். அதன் கரி பிஸ்டன் தலையில் படிந்து, தணல் போலக் கனன்று, பொறி விழுமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். எண்ணெய் ஆவி கலந்த பெட்ரோல் தட்டலைத் தாங்கும் ஆற்றலையும் இழக்கிறது. நைட்ரஸ் சேர்ந்த கலவை விரைந்து எரிவதால், 50 குதிரைச்சக்தி கூட்டினால் பொறி விழும் தருணத்தைச் சுமார் 2 டிகிரி தாமதப்படுத்துவது பந்தய மெக்கானிக்குகளின் வழக்கம். கரி மண்டிய எஞ்சினில் இந்தத் தாமதம் மட்டும் காப்பாற்றிவிடாது.

எனினும் தேய்மானம் முழுவதும் தீமையன்று. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கிடையே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். புது எஞ்சினில் அது மிகக் குறுகியது. நைட்ரஸின் வெப்பத்தில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று மோதினால், பிஸ்டனின் விளிம்பே பெயர்ந்துவிடும். இதற்காகப் பந்தய எஞ்சின் கட்டுவோர் அந்த இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக விடுகின்றனர். பழைய எஞ்சினில் காலமே அவ்வேலையைச் செய்துவைத்திருக்கும்!

ஓடிய தூரத்தைக் காட்டும் எண், அது உண்மையான எண்ணாகவே இருந்தாலும், எஞ்சினின் நிலையைச் சொல்லாது. காலம் தவறாமல் எண்ணெய் மாற்றி, நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின், நகர நெரிசலில் ஊர்ந்து 80,000 கிலோமீட்டரே கடந்த எஞ்சினைவிட நல்ல நிலையில் இருப்பது அரிதன்று. உண்மையைச் சொல்வது கம்ப்ரெஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் அளவுமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் குறிக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த எஞ்சின் தகுதியற்றது. குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால் காரணமும் புலப்படும்: அமுக்கம் உயர்ந்தால் ரிங்கில் குறை, உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ குறை. இவற்றோடு, சூடான எஞ்சினில் எண்ணெயின் அமுக்கத்தையும் பார்க்க வேண்டும். பேரிங்குகளின் நிலையைத் தெரிவிப்பது அதுவே.

நம் நாட்டில் மற்றொரு சங்கடம் வெயில். நைட்ரஸ் கலத்தின் அமுக்கம் 20 டிகிரியில் வளிமண்டலத்தைப் போல் சுமார் 50 மடங்கு. 30 டிகிரியில் சுமார் 63 மடங்கு. 36.4 டிகிரியைத் தாண்டினால் அது எவ்வளவு அமுக்கத்திலும் திரவமாக நில்லாது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அமுக்கத்தை விரைவாக உயர்த்தும். மே மாதத்தில் நாகபுரியிலோ டெல்லியிலோ வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி இவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். அமுக்கம் உயர்ந்தால் நைட்ரஸ் பாயும் அளவு மாறுகிறது. பெட்ரோலின் அளவோ மாறுவதில்லை. அளவாகப் பொருத்திய துளைகளெல்லாம் அப்போது பொய்க் கணக்காகும். குளிர்காலத்தில் நேர்வது இதற்கு மாறானது: நைட்ரஸ் குறைந்து பெட்ரோல் மிகுவதால் சக்தி குறையும், எஞ்சின் பிழைக்கும். கலத்தை நிழலில் வைப்பதும், காப்புத் தகடு இல்லாத கலத்தைத் தொடாதிருப்பதும் கோடையில் இன்றியமையாதவை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை வலியுறுத்தியது. கலத்தை நிரப்புவதும் வைத்திருப்பதும் 2016-ஆம் ஆண்டு வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. பொதுச் சாலையில் இதற்கு இடமில்லை. மூடிய பந்தயத் தடமே இதற்குரிய இடம்.

தடத்திலும் பொத்தானை அழுத்தும் தருணம் முக்கியம். நைட்ரஸ் விநாடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பாயும்; எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் மெதுவாகச் சுழன்றாலும் அந்த அளவு மாறாது. ஆகவே 5,000 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறை கிடைப்பதைப் போல் இரு மடங்கு, 2,500 சுற்றில் கிடைக்கும். தேய்ந்த பேரிங்கும் பழைய கேஸ்கட்டும் இற்றுப்போவது பெரும்பாலும் அப்போதே. 3,000 சுற்றுக்குக் குறைவாக வால்வு திறவாதபடி ஒரு மின் இணைப்பு அமைப்பது இக்காரணத்தால்தான்.

முதல் ஓட்டம் மிகச் சிறிய துளையுடன், சில விநாடிகளுக்கு மட்டும் நடைபெறும். உடனே எஞ்சினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வெண்பீங்கானை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்ப்பார்கள். மணல் போன்ற பளபளக்கும் நுண்புள்ளிகள் அதில் தென்பட்டால், அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.